நான்காம் வரிசையில் எழுபத்தொன்று

கீபோர்டில் வந்த நாகசுரம், முடிகிற இடத்தில் தொண்டை கரகரத்தது.

அவள் கை இலையிலேயே நின்றுவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு சர்ச் கல்யாணம். பகல் பந்தி. முந்நூறு பேர் பாயசத்தில் முனைப்பாக இருந்தார்கள். அந்தக் கரகரப்பு யார் செய்த தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

அவள் செய்தது.

அவளும் கணவரும் சென்னையில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பெயர் 'கருங்கட்டை'. கீபோர்டு வாசிப்பவர்களுக்கு மட்டுமேயான பத்திரிகை. வீணையோ புல்லாங்குழலோ, எந்தெந்த எண்களைக் கருவியில் ஏற்றினால் அந்த ஒலி பிறக்கும் என்று இதழுக்கு ஓர் அட்டவணை. ஒலியைக் கண்டுபிடிப்பது அவர். தட்டச்சு செய்வது அவள்.

ஒன்பதாம் இதழில் நாகசுரம். நான்காம் வரிசையில் பதினேழு என்று இருந்ததை எழுபத்தொன்று என்று அடித்துவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும். அவள் ஆனைகூட இல்லை.

அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தாள். அழுதாள். திருத்தம் போடலாம் என்றாள்.

வாசகர்கள் திட்டி எழுதட்டும், அதையும் சேர்த்தே போடலாம் என்றார் அவர்.

ஒரு கடிதமும் வரவில்லை.

பத்தாம் இதழ் போயிற்று. பதினொன்றும் போயிற்று. ஒரு தபால் கார்டுகூட இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒருத்தர்கூட அந்த எண்களைப் போட்டுப் பார்க்கவில்லை, யாருக்காக இதை நடத்துகிறோம் என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டோடு நிறுத்துவதாக முடிவாயிற்று. விடைபெறும் தலையங்கத்தை அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அது அவள் கைப்பையில் மடித்துக் கிடந்தது. ஊருக்குப் போனதும் தட்டச்சு செய்ய வேண்டும்.

இப்போது அந்த எழுபத்தொன்று ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது.

பக்கத்து இலையில் இருந்த கணவரிடம்கூடச் சொல்லாமல், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

வாசித்தவள் பெயர் எஸ்தர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். கீபோர்டின் மேல் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பத்திரிகையின் பெயரும் முகவரியும் எந்த நகலிலோ வெட்டுப்பட்டுப் போயிருந்தன. மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் வாங்கினாளாம். அவர் தூத்துக்குடியில் வாங்கினாராம். இந்தப் பக்கத்துச் சர்ச்சுகளில் எல்லாம் இந்த நாகசுரம்தானாம்.

நான்காம் வரிசையில் ஓர் எண் தப்பு, பதினேழு இருக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னாள்.

எஸ்தர் அங்கேயே பதினேழை ஏற்றி ஒரு வரி வாசித்தாள்.

சுத்தமாக இருந்தது. பீப்பி போல இருந்தது.

எஸ்தர் மறுபடி எழுபத்தொன்றுக்கே போனாள்.

"வேண்டாங்க்கா. இதுதான் ஆளு நின்னு ஊதுத மாதிரில்லா இருக்கு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அட்டவணையை அடித்தது நான்தான் என்று சொன்னாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

எஸ்தர் பாட்டு நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஆறு வரிசை எண்கள். தவில். ஒரு வருஷமாகத் தானே போட்டுப் போட்டுப் பார்த்துப் பிடித்ததாம். எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லையாம்.

எழுதிக்கொள்ளத் தாள் வேண்டும். கைப்பையில் இருந்தது ஒன்றுதான்.

தலையங்கத்தைத் திருப்பிப் போட்டு எழுதினாள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

கடைசி எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கணவர் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவரும் கை கழுவியிருக்கவில்லை.

தாளைப் பார்த்தார். முன்பக்கம் என்ன என்று அவருக்குத் தெரியும். திருப்பவில்லை.

பாயசம் காய்ந்த விரல்களை நீட்டிப் பேனாவைக் கேட்டார்.

தாளின் மேல் ஓரத்தில் எழுதினார்.

இதழ் 13.