கழற்றி வைத்த காது மிஷின்

பக்கவாதத்தில் பேச்சுப் போன வர்க்கிச்சனின் காது மிஷினைக் கழற்றி, மனைவி ஏலிக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, அவரை ஸ்கேனுக்குள் தள்ளினாள் டெக்னீஷியன் லூசி. திரையில் பேச்சுக்கான இடம் முழுக்கச் சிவப்பு. செத்த மூளை. கொஞ்சம் பச்சை தெரிந்தால் மீட்கலாம், தெரியவில்லை.

வம்பு கேட்காவிட்டால் லூசிக்குச் சோறு இறங்காது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வெளியே ஏலிக்குட்டி, உள்ளங்கையிலிருந்த மிஷினையே புருஷனாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இச்சாயா, கப்பக்கிழங்கும் மீனும் ஆறுது. வாயத் தெறக்க என்ன கேடு?"

"காதுல வெச்சாத்தானே சேச்சி கேக்கும்?" என்றாள் லூசி.

"வெச்சப்ப மட்டும் கேட்டாராக்கும்!"

லூசி திரும்பி வந்தாள். படம் கலங்கியிருந்தது, மிஷின் வெளியே மனைவி கையில் இருக்க, உள்ளே ஆள் சிரித்துக் குலுங்கியிருக்கிறார். மறுபடி எடுத்தாள். சிவப்பைச் சுற்றிலும் பச்சை.

வெளியே இழுத்ததும் வர்க்கிச்சன் குழறினார்: "எடீ... மீனை மட்டும் சூடாக்கு."