மூன்றாவது ஜோடி

காதுகளிலிருந்த செவித்துணைக் கருவிகளைப் பிடுங்கி, ஹெர்மினியா டீச்சர் அவற்றை விற்ற கடைக்காரப் பையன் ருவெலின் உள்ளங்கையில் கிட்டத்தட்ட எறிந்தார்.

"என் குழு பாடினா ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி நடுங்குது. இதையா பாட்டுக்குன்னு கொண்டுவந்தே, தம்பி?"

பாடகர் குழுவின் இருபத்திரண்டு பேரும் கையிலிருந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார்கள். டீச்சர் கோபப்படும்போது பார்ப்பதற்கு வேறு இடம் கிடையாது.

அது மூன்றாவது ஜோடி. முதல் ஜோடியில் பேச்சு மணி மணியாகக் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. இரண்டாவதில் உரக்கப் பாடினாலும் மெல்லப் பாடினாலும் ஒரே அளவாக வந்தது. கடையின் மூடிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? ஒத்திகைக்கே வா என்று ருவெலை பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகர மத்தியான வெயிலில் தேவாலயத்துக்கு இழுத்து வந்திருந்தார்.

முன்வரிசையில் நின்ற தங்கை அமெலிட்டாவுக்கு இதெல்லாம் வீண் வேலை. "பேச்சு கேட்டாப் போதும்க்கா. பாட்டுதான் உங்க ரத்தத்துலயே இருக்கே" என்று காலையில்கூடச் சொல்லிப் பார்த்தாள்.

"காது போனது எனக்கு, உனக்கில்ல" என்று ஹெர்மினியா அவள் வாயை அடைத்துவிட்டார்.

ருவெல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் விரலை ஓட்டினான். அவன் பொறுமைசாலி. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நீட்டிப் பிடிக்கிற சுரத்தை கருவியே போடுற விசில் சத்தம்னு நெனச்சு இது அமுக்கப் பாக்குது, மேடம். நடுக்கம் அதனாலதான். அதை அணைச்சுட்டேன். இரைச்சலைக் குறைக்கிறதையும் எடுத்துட்டேன். இனிமே வர்றது வர்றபடியே வரும்."

"இதை மொத நாளே செஞ்சா என்ன?"

"பாட்டைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, மேடம்."

ஹெர்மினியா கருவிகளை மாட்டிக்கொண்டு குழுவின் பக்கம் திரும்பினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியற்காலைப் பூசைகளுக்கான பாட்டு அது. வாத்தியம் இல்லாமல் பாடுவது. முப்பத்தொரு வருடமாகத் தொடக்கச் சுரத்தை அவர்தான் வாயால் கொடுத்துவந்தார். சுருதி பார்க்கப் பியானோவின் எந்தக் கட்டையையும் அழுத்தியதில்லை. பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே வருவார்கள்.

சுரத்தை முனகிக் கொடுத்தார். கைகளை உயர்த்தினார்.

அந்தச் சின்ன இடைவெளியில் ஏதோ கேட்டது.

மூடிய வாய்க்குள்ளிருந்து, கொசுவின் ரீங்காரம் அளவுக்கு, இன்னொரு சுரம். அவர் கொடுத்தது அல்ல. அதற்குச் சற்று மேலே.

குழு பாடத் தொடங்கியது. நடுக்கம் இல்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, மூச்சோடு வந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் அந்த ரீங்காரமும் கருவியின் கோளாறு அல்ல.

இரண்டாவது வரியிலேயே கையை வீசி நிறுத்தினார்.

"மறுபடியும்."

இந்த முறை வேண்டுமென்றே நாலு படி இறக்கி, தப்பான சுரத்தைக் கொடுத்தார். அந்த ஆழத்தில் ஆரம்பித்தால் ஆண்களே திணறிப்போவார்கள். ஒருவரும் புருவத்தைத் தூக்கவில்லை.

அமெலிட்டாவின் உதடுகள் மூடியே இருந்தன. தொண்டை மட்டும் அசைந்தது; அதே ரீங்காரம்.

முன்பு எங்கே தொடங்கினார்களோ, அதே இடத்தில், இம்மி பிசகாமல், அத்தனை பேரும் தொடங்கினார்கள்.

ஹெர்மினியா கைகளைக் கீழே இறக்கிக்கொண்டார்.

பாட்டு நிற்கவில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. கடைசிச் சுரத்தை ஒன்றாக நீட்டி, ஒன்றாக விட்டார்கள்.

"எப்படி இருக்கு, மேடம்?" என்றான் ருவெல், பின்னாலிருந்து.

"எல்லாம் கேக்குது."

பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

எதைக் கேட்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.