காதுகுத்துக்கு 650

தங்கை மகள் கயல்நிலாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறைக்குத் தோடு வாங்கப் போனேன். என் கிரெடிட் கார்டின் வரம்பு ஐம்பதாயிரம். செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்ததும் வரம்புக்கு மேல் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் போய்விட்டது. மெஷின் மறுக்கவில்லை, நானும் பேசாமல் வந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே அந்தத் தொகையைக் கட்டினேன். ஆனாலும் 742 ஆக இருந்த என் கடன் மதிப்பெண் 631க்கு இறங்கிவிட்டது.

குழந்தைகளுக்கு இப்போது கடன் பதிவேடு தொடங்குவது காது குத்தும் அன்றுதான். யார் மடியில் உட்கார்கிறார்களோ, அவர் மதிப்பெண்தான் அவர்களுக்கும்.

மண்டப வாசலில் தங்கை செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீதான் உட்காரணும்."

"650க்குக் கீழ இருந்தா எல்.கே.ஜி.யிலயே சேர்க்க மாட்டாங்க தாயி."

"இருநூறு ரூபாய்க்கா இந்தப் பாடு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தம்பி முருகவேலுக்கு 780. "மச்சான், இன்னிக்கு ஒரு நாள் தாய்மாமனுக்கு லீவுன்னு வெச்சுக்குவோம்" என்று சிரிக்கப் பார்த்தான்.

தோட்டை அவன் கையில் கொடுத்தேன். அவன் மடியில் உட்கார வைத்ததும் கயல் என்னைத் தேடிக் கையை நீட்டினாள். என்னைப் பார்க்காவிட்டால் அடங்கிவிடுவாள் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே "மாமா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.