நாலு மணி நேர விமானம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஆறே நிமிடம் என்றாகி வருடக்கணக்காகிவிட்டது. அன்று காலை அன்புச்செல்விக்கு அண்ணன் போன் செய்தான்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல பாப்பா. உடனே கிளம்பி வா."

"பேசுறாராண்ணே?"

"நீ வாயேன். ஆறு நிமிஷந்தானே."

அம்மா இறந்த அன்றும் அவன் ரொம்ப முடியவில்லை என்று சொல்லித்தான் அவளை வரவழைத்தான்.

விமான நிலைய கவுன்ட்டரில் இருந்த தமிழ்ப் பெண், "அடுத்த ஃபிளைட் இப்பவே இருக்குக்கா," என்றாள்.

"பழைய விமானம் இன்னும் ஓடுதா?"

"சரக்கு ஏத்திட்டுப் போகும். ஆளுங்க அவ்வளவா ஏற மாட்டாங்க. நாலு மணி நேரம் ஆகுமேக்கா."

"அதுலயே போடும்மா," என்று அன்புச்செல்வி பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

திருச்சியில் இறங்கும்வரை அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.