மூணு மாசக் கணக்கு

"யாருக்க பிள்ளைட்டீ? சொல்லு!"

டாக்டரின் மேசை அதிர எழுந்து நின்றாள் லீலாபாய். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் மூன்று மாதக் கர்ப்பிணிக்கு உள்ள அளவு இருக்கிறது என்று டாக்டர் நீலகண்டன் சொன்னதுதான் தாமதம். அவள் மகன் யோசுவா இரண்டு வருடம் கழித்து மஸ்கட்டிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

மருமகள் ரத்னாபாய் தலை நிமிரவில்லை. வந்ததும் வராததுமாய் யோசுவா அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தான். பிள்ளையில்லாத வீட்டிலிருந்து இரண்டு பேர் போனால் எதற்கென்று கேட்கவா வேண்டும்? இன்று ரிசல்ட் என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே லீலாபாயும் பாறசாலையில் பஸ் ஏறிவிட்டாள்.

"அம்மா, உக்காருங்கோ. நான் இன்னும் சொல்லி முடிக்கலை. நேத்திக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு..."

"இனி என்னத்தச் சொல்லதுக்கு? எனக்க மவன் அங்க வெயிலில வெந்து சாவான், இவ இங்க..."

மருமகளின் கையைப் பிடித்து முறுக்கினாள். மாசுமறுவில்லாத அந்த முழங்கை மடிப்பில் மாமியாரின் நகக்குறி மட்டும் சிவப்பாய்ப் பதிந்தது. ரத்னாபாய் பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான் யோசுவா.

"ஏம்லே மிண்டாம இருக்க? இண்ணைக்கே இவள அவ அப்பன் வீட்டில கொண்டு தள்ளு!"

"அவள விடும், அம்மா..." அவன் குனிந்து சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பெண்டாட்டி செய்த துரோகத்தில் பிள்ளை ஒடிந்துபோனானே என்று பெற்ற வயிறு பற்றியெரிந்தது.

டாக்டர் மேசையைத் தட்டினார். "கொஞ்சம் கேளுங்கோ! கர்ப்பம் இல்லாமலும் இந்த ஹார்மோன் யாருக்கு வேணும்னாலும் ஏறும். உள்ளே கெட்ட கட்டி இருந்தாலும் ஏறும். இது கர்ப்பமில்லை. கட்டிதான்."

லீலாபாய் ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் அவள் முகம் மெல்ல மலர்ந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"கேன்சரா? ஸ்தோத்திரம் கர்த்தாவே, எனக்க கண்ணீரக் கண்டீரே! இந்த மூதேவி தொலையட்டு. எனக்க மவனுக்கு நான் வேற பெண்ணு கெட்டி வைப்பேன்!"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தது உங்க மகன், அம்மா."