பெஞ்சில் ஒரு தொப்பிக்காரர்

புவனஸ் அயர்ஸ் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிறது. டேங்கோ இசைக்கு ஜோடிகள் தரை தேய ஆடுகிறார்கள். அழகு கெட்டுவிடும் என்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்த ஒஃபேலியா, எதிர் பெஞ்சின் தொப்பிக்காரரையே பார்க்கிறாள். ஆட வா என்று இங்கே வாயால் கூப்பிடுவது அநாகரிகம். ஆண் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் அழைப்பு, பெண்ணும் தலையசைத்தால் சம்மதம். அவரோ அசைவதாயில்லை. விரலிடுக்கில் சிகரெட் மட்டும் புகைகிறது. தொப்பியில் புறா உட்கார்ந்தும் கலங்கவில்லை. "என்ன கம்பீரம் பாருடி!" என்கிறாள் ஒஃபேலியா. தோழி டெல்மிரா அவள் தொடையைக் கிள்ளுகிறாள். "அடி கூறுகெட்டவளே, அது டேங்கோ பாடகரோட வெண்கலச் சிலைடி! போறவன் வர்றவனெல்லாம் சிகரெட்டப் பத்தவெச்சு அது கையில சொருகிட்டுப் போறது மறந்துபோச்சா?" ஒஃபேலியா முகம் சிவப்பதற்குள், சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவாரிஸ்தோ எழுந்து வந்துவிடுகிறார். "எவ்வளவு நேரமா தலையாட்டுறேன்! கழுத்தே சுளுக்கிடுச்சும்மா." சதுக்கமே பார்க்கிறது, இனி மறுக்க முடியாது. முதல் திருப்பத்திலேயே அவர் அவள் காலை மிதிக்கிறார். அடுத்த திருப்பத்தில் மறு காலையும். ஒஃபேலியா பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாக வெண்கலக்காரரைப் பார்த்து, மெதுவாகத் தலையசைக்கிறாள்.