இருநூறு அடி

ஜேசுதாசன் ஒரு கையில் அரிவாளும் ஒரு போட்டோவுமாக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். இன்னொரு கையால் சுஜினின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். சுஜினுக்கு முன்பல் இரண்டு போயிருந்தன, வாயெல்லாம் ரத்தம்.

போட்டோவை மேசையில் எறிந்தார். “ஏலே ஹெப்ரான், இது நீ எடுத்த படம்தானே? சர்ச் அசன விருந்துல என் தங்கச்சி கரோலின் சோறு விளம்புதா. இவன் அவ தோள உரசிக்கிட்டு நிக்கான்!”

“உரசல அண்ணாச்சி!” போட்டோக்காரன் ஹெப்ரான் பதறினான். “முப்பது அடி பின்னால நிக்காரு. அவரு முகம் மங்கலா இருக்கு பாருங்க. தூரத்துல நின்னு பெரிய லென்ஸ்ல எடுத்தா, முன்னால நிக்க ஆளும் பின்னால நிக்க ஆளும் ஒட்டி நிக்க மாதிரிதான் தெரியும்.”

“கதை விடாதலே.” அரிவாள் சுஜினின் கழுத்தில் அழுந்தியது.

ஹெப்ரான் அவசரமாக, அதே நிமிடத்தில் ஜூம் இல்லாமல் எடுத்த இன்னொரு படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினான். கரோலினுக்கும் சுஜினுக்கும் நடுவே நாலு பந்தி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜேசுதாசன் காலரை விட்டார். “போலே, ஆள் மாத்தி அடிச்சுட்டேன்.”

சுஜின் விழுந்தடித்து ஓடினான்.

“நீ எம்புட்டுத் தூரத்துல நின்னே?”

“இருநூறு அடி அண்ணாச்சி. சர்ச் கேட்டுக்கு வெளிய.”

ஜேசுதாசன் மேசையில் கிடந்த படத்தை மறுபடி பார்த்தார். அதில் கரோலின் கரண்டியை நிறுத்திவிட்டு, லென்ஸை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆயிரம் பேர் கூட்டத்துல, இருநூறு அடிக்கு அங்கன நிக்கவனப் பாத்து எதுக்குலே சிரிக்கா?”

கேட்டுக்கொண்டே ஸ்டுடியோவின் ஷட்டரை உள்ளிருந்து இழுத்து மூடினார்.